சர்வீஸ் போடத் தெரிந்தும் விதி தெரியாமல் ஆடிய காலம்

39 வயதில் டென்னிஸ் மட்டையை முதன்முதலாகக் கையில் எடுத்தவன் நான். ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு, நடுவர் ஒருவர் அமர்ந்து கவனித்த சிறிய போட்டி ஒன்றில் ஆடினேன். முதல் செட்டில் கேம் கணக்கில் 4-5 என்று பின்தங்கியிருந்தபோது, 30-40 என்ற புள்ளியில் நான் சர்வீஸ் (புள்ளியைத் தொடங்கி வைக்கும் அடி; அதற்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு) போட வேண்டியிருந்தது. முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது. இரண்டாவது, அதுவரை நான் போட்டவற்றிலேயே சிறந்தது என்று சொல்லத்தக்க விதத்தில், எதிராளியின் சர்வீஸ் கட்டத்தின் மூலைக் கோட்டை உரசிக்கொண்டு சென்றது. அவர் மட்டையை எட்டி நீட்டியும் பந்து அகப்படவில்லை. டியூஸ், அதாவது 40-40 என்ற சமநிலை, ஆகிவிட்டது என்ற நினைப்பில் வலப்பக்கம் நடக்கத் தொடங்கிய என்னை நடுவரின் குரல் நிறுத்தியது: "ஃபுட் ஃபால்ட்." அதாவது, சர்வீஸ் போடும்போது பாதம் செய்த பிழை. வலையில் விழுந்த முதல் சர்வீஸும் ஃபால்ட்டாக (பிழையாக) ஏற்கெனவே கணக்கில் இருந்ததால், இரண்டு வாய்ப்புகளும் போய் அது டபுள் ஃபால்ட் ஆனது, புள்ளியும் கேமும் செட்டும் ஒரே வார்த்தையில் முடிந்தன.

"சார், என் கால் கோட்டைத் தாண்டவே இல்லையே" என்றேன். "தாண்ட வேண்டியதில்லை தம்பி, பந்தை அடிப்பதற்கு முன்பு தொட்டாலே போதும்" என்றார் அவர், சற்றும் பதற்றமில்லாமல். ஆட்டம் முடிந்த பிறகு, சர்வீஸ் விதிகளை எப்போதாவது படித்ததுண்டா என்று கேட்டார். மட்டையைப் பிடிக்கும் முறை, தோளைத் திருப்பும் முறை, மணிக்கட்டை மடக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்காகக் காணொளி பார்த்திருந்த நான், விதிப் புத்தகத்தை ஒருமுறைகூடத் திறந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில் சர்வீஸைப் பற்றியவை 16-ஆம் விதி முதல் 22-ஆம் விதி வரை வரிசையாக உள்ளன. அன்றிரவே படித்துவிட்டேன்; அவ்வளவு சிறியவை அவை. ஆனால் படித்ததும் புரிந்துவிடவில்லை. ஒவ்வொரு வரியும் ஆடுகளத்தில் ஏதேனும் ஒரு தகராறாக என் முன் வந்து நின்ற பிறகுதான் அந்தச் சொற்கள் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பது விளங்கியது. இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் இவ்விதிகளில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும் என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது. மட்டை பந்தைத் தொட்ட கணத்துக்கு முன்பு நடந்ததா, பின்பு நடந்ததா என்பது முதல் கேள்வி. நடந்த பிழையோ குறுக்கீடோ எதை அழிக்கிறது, எதை அப்படியே விட்டுவைக்கிறது என்பது இரண்டாவது.

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் என் செட்டைப் பறித்தது அதுதான். சர்வீஸ் போடுபவர் தொடங்குவதற்குச் சற்று முன்பு, இரு பாதங்களும் பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் பின் எல்லைக் கோட்டுக்கு) பின்னால் இருக்க, அசையாமல் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு இடவலமாகவும் எல்லை உண்டு. பேஸ்லைனின் நடுவில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு சிறு கோடு உள்நோக்கி வரையப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பின்னோக்கியும் நீள்வதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பக்கக் கோட்டையும் அவ்வாறே பின்னோக்கி நீட்டிக்கொள்ள வேண்டும். இவ்விரு கற்பனைக் கோடுகளுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவில் கிடைக்கும் இடமே சர்வீஸ் போடுபவருக்கு உரியது. அங்கிருந்து பந்தைக் கையால் விடுவித்து, அது தரையைத் தொடுவதற்கு முன் மட்டையால் அடிக்க வேண்டும். மட்டை பந்தை அடித்த கணத்தில், அல்லது அடிக்க முயன்று தவறவிட்ட கணத்தில், சர்வீஸ் என்ற செயல் முடிகிறது.

அந்தக் கணம் வரைக்கும் எந்தப் பாதமும் பேஸ்லைனையோ, ஆடுகளத்தின் உட்பகுதியையோ, நடுக்குறியின் கற்பனை நீட்சியையோ, பக்கக் கோட்டின் கற்பனை நீட்சிக்கு வெளியே உள்ள இடத்தையோ தொடக் கூடாது. நடந்தோ ஓடியோ இடம் மாறவும் கூடாது. பாதங்களின் சிறு அசைவுகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. கோட்டுக்கு மேலே காற்றில் கால் நீண்டிருப்பது பிழையாகாது. பந்தை அடித்த மறுகணம் உள்ளே குதித்து இறங்குவதும் பிழையாகாது. தொலைக்காட்சியில் நாம் காணும் ஆட்டக்காரர்கள் பேஸ்லைனுக்கு உள்ளே வெகுதூரம் வந்து இறங்குவது இதனால்தான் செல்லுபடியாகிறது: அவர்கள் இறங்குவதற்குள் பந்து மட்டையை விட்டுப் போயிருக்கும். எங்கள் குழுவில் இருந்த வயதான ஆட்டக்காரர் ஒருவர், ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்றும் குதிப்பதே பிழை என்றும் வெகுநாள் சாதித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது முற்றிலும் கற்பனையன்று. ஒரு காலத்தில் விதி அப்படி இருந்தது, பிறகு நீக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

என் கால் கோட்டைத் தொடுகிறது என்பதை நான் நம்பவில்லை என்பதால், மறுநாள் கைப்பேசியைப் பேஸ்லைனின் நீட்சியில், பக்கக் கோட்டுக்கு வெளியே, தரையோடு தரையாக ஒரு பையில் சாய்த்து வைத்துப் படம்பிடித்தேன். பின்னாலிருந்து எடுத்தால் எதுவும் தெரியாது. கோட்டை அதன் நீளவாக்கில் பார்க்கும் கோணத்தில் வைத்தால்தான் பாதத்துக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள வெளிச்சம் தெரியும். 40 சர்வீஸ்களில் முதல் சில மட்டும் சுத்தமாக இருந்தன. களைப்பு ஏற ஏற, இடது பாதத்தின் நுனி பந்தைத் தூக்கிப் போடும்போதே கோட்டின் மேல் சரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்வரை நடுவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்றே நான் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் தள்ளி நின்றுகொண்டால் போதும் என்பது எல்லாரும் சொல்லும் தீர்வு. அது பாதித் தீர்வுதான். ஒரு சாண் பின்னால் நின்றேன். சில நாட்களில் பாதம் ஒரு சாண் அதிகமாகச் சரியக் கற்றுக்கொண்டது. உண்மையான காரணம், பந்தை உடலுக்கு முன்னால் தேவைக்கு மேல் தள்ளித் தூக்கிப் போட்டதும், அதைத் துரத்திக்கொண்டு உடல் முழுவதும் முன்னே போனதும்தான். பந்தைப் போடும் இடத்தைச் சரிசெய்த பிறகே கால் நின்ற இடத்தில் நின்றது. ஆகையால் ஃபுட் ஃபால்ட் வந்தால் பாதத்தை மட்டும் திட்ட வேண்டாம், பந்து எங்கே போகிறது என்பதையும் பாருங்கள் என்று புதியவர்களிடம் சொல்லி வருகிறேன்.

இன்னொரு ஃபுட் ஃபால்ட்டும் எனக்கு வாய்த்தது. இது சற்று வேடிக்கையானது. வாரம் முழுவதும் இரட்டையர் ஆட்டம் ஆடிப் பழகியிருந்த நான், ஒற்றையர் ஆட்டம் ஒன்றில் இடப்பக்கத்திலிருந்து சர்வீஸ் போடும்போது வழக்கம்போல அகலமாகத் தள்ளி நின்றேன். இரட்டையர் ஆட்டத்தில் எல்லை வெளிப்பக்கக் கோட்டின் நீட்சி; ஒற்றையரில் உட்பக்கக் கோட்டின் நீட்சி. ஆடுகளத்தின் அகலம் ஒற்றையருக்கு 8.23 மீட்டர், இரட்டையருக்கு 10.97 மீட்டர் என்பதால் ஒவ்வொரு பக்கமும் 1.37 மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. நான் நின்றதோ அந்த வித்தியாசத்தின் நடுவில்.

இது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் நேரும் சங்கடம் அன்று. 2009-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் கிம் கிளைஸ்டர்ஸை எதிர்த்து ஆடிய செரீனா வில்லியம்ஸ், முதல் செட்டை இழந்து இரண்டாவது செட்டில் 5-6 என்ற நிலையில், 15-30-இல் போட்ட இரண்டாவது சர்வீஸுக்குக் கோட்டு நடுவர் ஃபுட் ஃபால்ட் சொன்னார். 15-40 ஆனது. அதை எதிர்த்து அவர் கோபமாகப் பேசியதற்குத் தண்டனையாக ஒரு புள்ளி பறிக்கப்பட, ஆட்டமே அதோடு முடிந்தது. முக்கியமான புள்ளியில் இதைச் சொல்லலாமா என்ற விவாதம் அப்போது பெரிதாக நடந்தது. விதியில் முக்கியமான புள்ளி, சாதாரணப் புள்ளி என்ற பாகுபாடு கிடையாது என்பதே என் தரப்பு; என் செட்டை இழந்த மறுநாள் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

பந்தைத் தூக்கிப் போடுவதைப் பற்றி எனக்கிருந்த தவறான எண்ணம் பல புள்ளிகளைத் தின்றது. காற்று வீசிய ஒரு நாளில், தூக்கிப் போட்ட பந்து தலைக்குப் பின்னால் போய்விட்டது. அடிக்காமல் கையில் பிடித்துவிட்டேன். எதிராளி "ஃபால்ட்" என்றார். அவர் என்னைவிட அனுபவசாலி என்பதால் ஏற்றுக்கொண்டு, அடுத்த பந்தை இரண்டாவது சர்வீஸாகப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், தூக்கிப் போட்ட பந்தை அடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தால் அது பிழையாகாது. அதைக் கையால் பிடிக்கலாம், மட்டையால் பிடிக்கலாம், தரையில் விழவும் விடலாம். அடிக்க வேண்டும் என்று வீசி, பந்து படாமல் போனால்தான் ஃபால்ட். அதாவது வீச்சில்தான் விஷயம் இருக்கிறதே தவிர, தூக்கிப் போட்டதில் இல்லை. இந்த ஒரு வரி தெரிந்த பிறகு என் இரண்டாவது சர்வீஸ் வெகுவாகத் தேறியது. முன்பெல்லாம் பந்து கோணலாகப் போனாலும் அடித்தே தீர வேண்டும் என்று எண்ணி வளைந்து நெளிந்து அடித்தேன். இப்போது கை விட்டதும் பந்து சரியில்லை என்று தோன்றினால் மட்டையைத் தாழ்த்திவிடுகிறேன். இதை ஒவ்வொரு புள்ளியிலும் செய்தால் எதிரில் நிற்பவருக்கு எரிச்சல் வரும் என்பதும் உண்மை. "மன்னிக்கவும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

கையால் விடுவிக்க வேண்டும் என்ற விதிக்கும் ஓர் இரக்கமான விலக்கு உண்டு. ஒரு கையை மட்டுமே பயன்படுத்த இயலும் ஆட்டக்காரர் மட்டையைக் கொண்டே பந்தை மேலே எழுப்பலாம். விதியில் பந்தை எந்தத் திசையில் விடுவிக்க வேண்டும் என்றோ, தலைக்கு மேலேதான் அடிக்க வேண்டும் என்றோ சொல்லப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே, கையைத் தாழ்த்தி அடிக்கும் சர்வீஸும் முழுமையாகச் செல்லும். தோள் வலியால் ஆறு வாரங்கள் நான் அப்படித்தான் ஆடினேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் இது ஏமாற்று வேலை என்றார். 1989-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓப்பனில், 17 வயது மைக்கேல் சாங், இவான் லெண்டிலுக்கு எதிரான நான்காம் சுற்று ஆட்டத்தின் ஐந்தாவது செட்டில், தசைப்பிடிப்பால் துவண்டிருந்த வேளையில் இப்படியொரு சர்வீஸைப் போட்டுப் புள்ளியை வென்றார். முதல் இரண்டு செட்களை இழந்திருந்த அவர் அந்த ஆட்டத்தையும், பின்னர் பட்டத்தையும் வென்றார் என்பதை, ஏமாற்று வேலை என்று சொன்னவரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் சமாதானமடைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எதிராளி தயாராக இல்லாத வேளையில் திடீரென்று இப்படிப் போடுவது வேறு விஷயம். அதற்கு வேறு விதி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பந்து போய் விழ வேண்டிய கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வலையிலிருந்து 6.40 மீட்டர் ஆழமும் 4.115 மீட்டர் அகலமும் கொண்ட, குறுக்காக எதிரே இருக்கும் கட்டம் அது. கோட்டைத் தொட்ட பந்து உள்ளே விழுந்த பந்துதான். இரட்டையர் ஆட்டத்திலும் கட்டத்தின் அகலம் மாறாது, பக்கத்திலுள்ள கூடுதல் பகுதி சர்வீஸுக்குச் சேராது. வலை நடுவில் 0.914 மீட்டர் உயரமும் கம்பங்களில் 1.07 மீட்டர் உயரமும் கொண்டது என்பதால், நடுக்கோட்டை நோக்கிப் போடும் சர்வீஸ் வலையின் தாழ்வான பகுதிக்கு மேலாகச் செல்கிறது. நெருக்கடியான இரண்டாவது சர்வீஸை நான் பெரும்பாலும் அங்கேதான் அனுப்புகிறேன்.

எந்தப் பக்கத்திலிருந்து போடுவது என்ற குழப்பத்துக்கு மட்டும் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு கேமும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். அந்தக் கேமில் அதுவரை ஆடிய புள்ளிகளின் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் வலப்பக்கம், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். ஒரு புள்ளிக்கு 15, இரண்டுக்கு 30, மூன்றுக்கு 40 என்று சொல்வதால், 30-15 என்றால் மூன்று புள்ளிகள், எனவே இடப்பக்கம். டியூஸ் என்றால் எப்போதும் வலப்பக்கம். கேம் கணக்கு 6-6 என்று சமமானால் செட்டை முடிவு செய்ய ஆடும் டை-பிரேக்கிலும் இதே கணக்கு செல்லும். அங்கே 1, 2, 3 என்றே எண்ணுவதால் இன்னும் எளிது.

இனி 'லெட்' பற்றி. என் அனுபவத்தில், ஆடுகளத்தில் நடக்கும் சச்சரவுகளில் பெரும்பங்கு இந்த ஒரு சொல்லைச் சுற்றியே எழுகிறது. நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வி, எது அழிகிறது, எது நிற்கிறது என்பது, இங்கேதான் கைகொடுக்கும்.

சர்வீஸ் போட்ட பந்து வலையையோ அதன் மேற்பட்டையையோ தொட்டு, மற்றபடி சரியான கட்டத்தில் விழுந்தால் அது லெட். அந்த ஒரு சர்வீஸ் மட்டும் நடக்காததாகக் கருதப்படும். முன்பு விழுந்த ஃபால்ட் அழியாது. ஆகவே முதல் சர்வீஸில் லெட் ஆனால் மீண்டும் முதல் சர்வீஸ். இரண்டாவதில் லெட் ஆனால் மீண்டும் இரண்டாவது மட்டுமே. எத்தனை முறை வேண்டுமானாலும் இது தொடரலாம். மூன்று லெட் ஆனால் ஃபால்ட் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார்; அப்படி ஒரு விதி இல்லை. வலையைத் தொட்டுவிட்டுக் கட்டத்துக்கு வெளியே விழுந்தால் லெட் அன்று, வெறும் ஃபால்ட். லெட் இல்லாமலேயே ஆடும் மாற்று முறை ஒன்றும் விதிப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதில் வலையைத் தொட்டு உள்ளே விழும் பந்தைத் தொடர்ந்து ஆட வேண்டும். எனவே அறிமுகமில்லாதவருடன் ஆடும்போது எந்த முறை என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒன்றும் இருக்கிறது. இரண்டாவது சர்வீஸ் சரியாக விழுந்து, இருவரும் பந்தை மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஆடுகளத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து ஆட்டம் நிறுத்தப்பட்டால், முழுப் புள்ளியும் மறுபடி ஆடப்படும். அதாவது சர்வீஸ் போடுபவருக்கு முதல் சர்வீஸ் கிடைக்கும். ஒருமுறை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு, "இரண்டாவது சர்வீஸ்தானே, அதையே போடுகிறேன்" என்று சொல்லி டபுள் ஃபால்ட் செய்தேன். எனக்கு உரிமையாக இருந்த ஒன்றை விட்டுக்கொடுத்ததை எதிராளியும் அறியவில்லை, நானும் அறியவில்லை. சர்வீஸின்போது வலை குறுக்கிட்டால் அந்தச் சர்வீஸ் மட்டும் அழியும். புள்ளியின் நடுவே வேறேதும் குறுக்கிட்டால் புள்ளியே அழியும், அதோடு அந்தப் புள்ளியில் விழுந்த ஃபால்ட்டும் அழியும்.

பந்து யார் மேலாவது படும்போது வரும் குழப்பங்களும் இப்படித்தான். இரட்டையர் ஆட்டம் ஒன்றில் நான் வேகமாகப் போட்ட சர்வீஸ், வலையருகே நின்ற என் கூட்டாளியின் முதுகில் பட்டது. வலித்தது அவருக்கு, ஃபால்ட் எனக்கு. அதே பந்து வலையைத் தொடாமல் நேராகச் சென்று, தரையில் விழுவதற்கு முன்பு எதிரணியில் யார் மீதாவது, அல்லது அவர் மட்டையில், பட்டிருந்தால் புள்ளி எங்களுக்கு வந்திருக்கும். வலையைத் தொட்ட பிறகு அப்படிப் பட்டிருந்தால் லெட். வலைக்கம்பத்தில் பட்டுவிட்டு உள்ளே விழுந்தாலோ ஃபால்ட். கம்பமும் வலையும் ஒன்றல்ல என்பதைச் சர்வீஸில் மட்டும் கறாராகப் பார்க்கிறார்கள், ஏனெனில் ஆட்டத்தின் நடுவே கம்பத்தில் பட்டு உள்ளே விழும் பந்து செல்லும். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று: வெளியே போவதாகத் தெரியும் சர்வீஸை எதிரில் நிற்கும்போது கையாலோ மட்டையாலோ பிடித்து நிறுத்தக் கூடாது. எவ்வளவு தூரம் வெளியே போகும் பந்தானாலும், தரையைத் தொடுவதற்கு முன்பு நாம் தொட்டால் புள்ளி சர்வீஸ் போட்டவருக்கே. பின்னால் போய்ப் பந்தைப் பொறுக்கச் சோம்பல்பட்டு இப்படிப் பிடித்துப் பழகியவர்கள் நட்புக்காக ஆடும் இடங்களில் ஏராளம். யாரும் கேட்பதில்லை. போட்டியில் கேட்பார்கள்.

எதிராளி தயாராக இருக்கிறாரா என்ற கேள்வியில் நானே குற்றவாளியாக இருந்திருக்கிறேன். ஒருவர் விரைவாகப் போட்ட சர்வீஸை அரைகுறையாக எட்டி அடித்து, அது வலையில் விழுந்ததும், "நான் தயாராக இல்லை" என்றேன். அவர் பணிந்து மறுபடி போட்டார். விதியோ தெளிவாக இருக்கிறது: பெறுபவர் தயாராகும்வரை சர்வீஸ் போடக் கூடாது, ஆனால் அவர் பந்தைத் திருப்பி அடிக்க முயன்றுவிட்டால் தயாராக இருந்ததாகவே கருதப்படும். தயாராக இல்லையென்றால் மட்டையை அசைக்காமல் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். அப்போது அந்தச் சர்வீஸ் லெட் ஆகும், வெளியே விழுந்திருந்தாலும் அதை ஃபால்ட் என்று எண்ண முடியாது. அதற்காகப் பெறுபவர் தன் விருப்பப்படி காலம் கடத்தவும் முடியாது. சர்வீஸ் போடுபவரின் நியாயமான வேகத்துக்கு அவர் ஒத்துப்போக வேண்டும். புள்ளிகளுக்கு இடையே அதிகபட்சம் 25 நொடிகள் என்பது விதி; 2018 அமெரிக்க ஓப்பனிலிருந்து பெரிய போட்டிகளில் அதை எல்லாரும் காணும்படி கடிகாரமும் ஓடுகிறது. பந்தைப் பத்து முறை தட்டிவிட்டுத்தான் சர்வீஸ் போடுவது என்ற வழக்கம் எனக்கு இருந்தது. எண்ணிப் பார்த்து நான்காகக் குறைத்துக்கொண்டேன்.

என் மகள் ஆடத் தொடங்கிய பிறகு, சிறுவர் போட்டிகளில் பெற்றோரை நடுவராக நிற்கச் சொல்வது வழக்கமாயிற்று. ஆடும்போது தெரியாமல் தப்பிய விதிகள் எல்லாம் அந்த நாற்காலியில் அமர்ந்ததும் வரிசையாக வந்தன. முதல் நாளிலேயே ஒரு சிறுவன் 15-0 என்ற நிலையில் வலப்பக்கத்திலிருந்து சர்வீஸ் போட்டு, அது ஃபால்ட் ஆன பிறகுதான் பக்கம் தவறு என்பதை நான் கவனித்தேன். முதல் சர்வீஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமா என்று தயங்கினேன். வேண்டியதில்லை: தவறு தெரிந்த உடனே சரியான பக்கத்துக்கு மாற வேண்டும், ஆனால் விழுந்த ஃபால்ட் நிற்கும். தவறான பக்கத்திலிருந்து ஏற்கெனவே ஆடி முடித்த புள்ளிகளும் நிற்கும்.

ஆள் மாறிவிட்டால் கணக்கு வேறு. ஒற்றையரில் முறை இல்லாதவர் சர்வீஸ் போட்டுக்கொண்டிருப்பது நடுவில் தெரியவந்தால், உரியவர் உடனே பொறுப்பேற்க வேண்டும். ஆடிய புள்ளிகள் நிற்கும், ஆனால் தவறாகப் போட்டவர் விழவிட்ட ஃபால்ட், உரியவர் தலையில் ஏறாது. கேம் முழுவதும் முடிந்த பிறகு தெரியவந்தால் மாறிய வரிசையே தொடரும். இரட்டையரில் ஒரே அணியின் இருவர் தங்களுக்குள் மாறிவிட்டால் மட்டும், விழுந்த ஃபால்ட் நிற்கும், ஏனெனில் அது அந்த அணியின் ஃபால்ட். இதைப் படித்தபோது தேவையற்ற நுணுக்கமாகத் தோன்றியது. நாற்காலியில் அமர்ந்து, நான்கு சிறுவர்களும் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டபோது அப்படித் தோன்றவில்லை.

டை-பிரேக்கில் வரிசை குழம்புவதும் வழக்கம். முதலில் சர்வீஸ் முறை உள்ளவர் ஒரு புள்ளி மட்டும், வலப்பக்கத்திலிருந்து. அடுத்தவர் இரண்டு புள்ளிகள், இடப்பக்கத்தில் தொடங்கி. பிறகு இருவரும் இரண்டிரண்டாக. ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். டை-பிரேக்கை முதலில் தொடங்கியவர் அடுத்த செட்டின் முதல் கேமில் சர்வீஸைப் பெறுபவராக நிற்பார். நான் இதைத் தாளில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவேன். மனக்கணக்கை நம்பிய இரண்டு முறையும் தவறினேன்.

நடுவர் இல்லாத ஆட்டங்களில் பந்து தன் பக்கத்தில் உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்லும் பொறுப்பு அந்தந்தப் பக்கத்தில் ஆடுபவருடையது. சர்வீஸ் போட்டவர் எதிர்க்கட்டத்தின் கோட்டைத் தான் சரியாகப் பார்த்ததாக வாதிடுவதில் பொருள் இல்லை. பெறுபவருக்குச் சந்தேகம் இருந்தால், அதன் பலனை அவர் எதிராளிக்கே தர வேண்டும். ஒவ்வொரு முதல் சர்வீஸுக்கும் முன்பு புள்ளியைக் கேட்கும்படி உரக்கச் சொல்வது சர்வீஸ் போடுபவரின் கடமை. இதை நான் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணி, கூச்சத்தால் விட்டுவந்தேன். சொல்லத் தொடங்கிய பிறகு, பக்கம் மாறி நிற்பது, ஆள் மாறி நிற்பது, 40-30-ஆ 30-40-ஆ என்ற சண்டை ஆகிய மூன்றும் என் ஆட்டங்களில் ஏறத்தாழ இல்லாமலேயே போயின. புள்ளியில் கருத்து வேறுபாடு இருந்தால் அடுத்த சர்வீஸுக்கு முன்பே வெளிப்பட்டுவிடுகிறது, ஐந்து புள்ளிகள் கழித்து அன்று.

சென்ற மாதம் நான் நடுவராக நின்ற ஓர் ஆட்டத்தில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பந்தைத் தூக்கிப் போட்டாள். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. மட்டையைப் பின்னால் இழுத்தவள், பாதியில் நிறுத்திப் பந்தைத் தரையில் விழவிட்டாள். எதிரில் நின்ற சிறுவன் விரலை உயர்த்தி "ஃபால்ட்" என்றான். அவளும் முகம் வாடி, இரண்டாவது பந்தைப் பையிலிருந்து எடுக்கத் தொடங்கினாள். "வீசவில்லையம்மா, நிறுத்திவிட்டாய். முதல் சர்வீஸ்தான்" என்றேன். அவள் எடுத்த பந்தைப் பையில் திரும்பப் போட்டுவிட்டு, கீழே உருண்டதைப் பொறுக்கி வந்து, கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் பாதத்தை வைத்து, ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.